72 மணி நேரம் எப்போது தொடங்குகிறது?

2022 ஏப்ரல் 14, வியாழக்கிழமை. சித்திரை முதல் நாள். மறுநாள் புனித வெள்ளி. அந்த வாரம் பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் மகன், மருமகளோடு மலேசியா போகக் கிளம்பினார். பத்துமலை, பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில்கள், அப்புறம் நாலு நாள் ஊர் சுற்றிவிட்டு வருவதாகத் திட்டம். திருச்சியிலிருந்து விமானம் ஞாயிறு 12.15 மணிக்கு. பகல் 12.15 இல்லை, சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டு முடித்த பிறகு வருகிற 12.15. டிக்கெட்டில் 17ஆம் தேதி என்று போட்டிருக்கும். ஆனால் 16ஆம் தேதி சாயங்காலம் பெட்டியோடு வீட்டை விட்டு இறங்க வேண்டும்.

நான் காரைக்குடியில் டிக்கெட் போட்டுக் கொடுக்கிறவன். இந்த நள்ளிரவுத் தேதிக் குழப்பம் கொரோனாவுக்கு முன்பும் உண்டு. ஒரு நாள் தாமதமாக விமான நிலையம் போய்த் திரும்பிய குடும்பங்களை எனக்குத் தெரியும். கொரோனா வந்தபின் அந்தக் குழப்பத்தின் மேல் இன்னொரு கணக்கும் ஏறிக்கொண்டது. புறப்படுவதற்கு இரண்டு நாளுக்குள் எடுத்த ஆர்டிபிசிஆர் சோதனையில் தொற்று இல்லை என்று வந்திருக்க வேண்டும் என்பது அப்போது மலேசியாவின் விதி. வியாழக்கிழமை சோதனை எடுத்தால் காலாவதி. சனிக்கிழமை எடுத்தால் முடிவு கைக்கு வருமா என்பது சந்தேகம். மிச்சம் இருப்பது வெள்ளிக்கிழமை. காரைக்குடியில் மாதிரி எடுத்து மதுரைக்கு அனுப்பும் மையத்துக்கு அன்று வண்டி இல்லை. கடைசியில் மூன்று பேரும் காலையில் கார் பிடித்து மதுரைக்கே போய் மூக்கில் குச்சி விட்டுக்கொண்டு வந்தார்கள். முடிவு சனிக்கிழமை காலையில் வந்தது. மூவருக்கும் தொற்று இல்லை. அதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

அது முடியாத கதையைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், இந்தச் சோதனைச் சீட்டு என்பது என்ன, அதை யார் படிக்கிறார்கள் என்பது விளங்க வேண்டும். அந்த இரண்டு வருஷத்தில் என் கடைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அதை மருத்துவச் சீட்டு என்றே நினைத்தார்கள். “எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே தம்பி, அப்புறம் என்ன கேக்குறாக?” என்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் பயணத்துக்குக் கேட்கப்படும் சோதனைச் சீட்டு டிக்கெட்டைப் போன்றது. அதற்குத் தேதி, மணி, பெயர் உண்டு. மூன்றில் ஒன்று பிசகினாலும், உடம்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது செல்லாது.

அதை முதலில் படிப்பவர் மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் அதிகாரியும் அல்ல, திருச்சி விமான நிலையத்தில் போர்டிங் பாஸ் தரும் ஊழியர். உரிய தாள் இல்லாத பயணியை ஏற்றிச் சென்றால் போய்ச் சேரும் நாடு அந்த விமான நிறுவனத்துக்கு அபராதம் போடும். பயணியைத் திருப்பிக் கொண்டுவரும் செலவும் அதன் தலையில். ஆகவே உலகம் முழுக்க விமான நிறுவனங்கள் டைமேட்டிக் என்ற தகவல் தொகுப்பை வைத்துக்கொண்டிருக்கின்றன. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் நடத்துவது அது. பயணியின் குடியுரிமை, போகும் நாடு, நடுவில் மாறும் ஊர் ஆகியவற்றைத் தட்டினால் என்னென்ன தாள் வேண்டும் என்று திரையில் வரும். கவுன்டரில் இருப்பவர் அந்தத் திரையில் உள்ளதைத்தான் பார்ப்பார். “எங்க மாப்பிள்ளை அங்கே கேட்டுட்டாக, தேவையில்லைன்னு சொல்லிட்டாக” என்பது அங்கே எடுபடாது. நம் பயணத்தில் வெளிநாட்டு எல்லை என்பது திருச்சியிலேயே, அந்தக் கவுன்டரிலேயே தொடங்கிவிடுகிறது.

இனி மணிக்கணக்கு. விமானத்துக்கு இத்தனை மணி நேரத்துக்குள் சோதனை எடுத்திருக்க வேண்டும் என்று நாடுகள் வைத்த 72, 48, 24 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன? ஆர்டிபிசிஆர் சோதனை வைரஸின் ஆர்என்ஏ துணுக்கைத் தேடுகிறது. துணுக்கு கொஞ்சமாக இருந்தால் அதைச் சுற்றுக்கு இரட்டிப்பாகப் பெருக்கிப் பெருக்கிக் கண்ணுக்குத் தெரிய வைக்கிறது. குச்சி விட்ட அந்த நிமிடம் மூக்கிலும் தொண்டையிலும் என்ன இருந்தது என்பதை மட்டும் அது சொல்லும். நேற்றுத் தொற்றியவருக்கு இன்று சோதித்தால் அநேகமாக ஒன்றும் காட்டாது. இரண்டு மூன்று நாள் கழித்துக் காட்டும். சோதனைக்கும் விமானத்துக்கும் நடுவில் எவ்வளவு நாள் விடுகிறோமோ அவ்வளவுக்கு ஓட்டை பெரிதாகிறது. ஒமைக்ரான் வந்தபோது தொற்றிலிருந்து அறிகுறிக்கு ஆகும் காலம் சராசரி மூன்று நாளாகச் சுருங்கியது. அப்போது 72 மணி நேரத்துக்கு முந்தைய சீட்டுக்கு என்ன மதிப்பு? அதனால்தான் அமெரிக்கா 2021 டிசம்பர் 6 முதல் மூன்று நாளை ஒரு நாளாகக் குறைத்தது. அதனால்தான் பல நாடுகள் போய் இறங்கியதும் இன்னொரு சோதனை கேட்டன. மலேசியாவில் இறங்கிய 24 மணி நேரத்துக்குள் ஆன்டிஜென் சோதனை எடுக்க வேண்டியிருந்தது.

ஒரே பயணத்துக்கு இரண்டு குச்சியா என்று சலித்துக்கொண்டவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். முதல் சோதனை விமானத்துக்குள் தொற்றைக் குறைக்க. இரண்டாவது சோதனை, முதலாவதில் தப்பியதைப் பிடிக்க.

சரி, 72 மணி நேரம் எதிலிருந்து? குச்சி விட்ட நேரத்திலிருந்தா, முடிவு அச்சான நேரத்திலிருந்தா? எதுவரைக்கும்? விமானம் கிளம்பும் வரையா, போய் இறங்கும் வரையா? இதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு இருந்தது. இந்தியா திரும்புவோருக்கு, பயணம் தொடங்குமுன் 72 மணி நேரத்துக்குள் எடுத்த சோதனை. துபாய்க்கு மாதிரி எடுத்ததிலிருந்து 48 மணி நேரம்; அதற்கு மேல் கிளம்பும் விமான நிலையத்திலேயே புறப்பாட்டுக்கு ஆறு மணி நேரத்துக்குள் ஒரு விரைவுச் சோதனை என்று 2022 பிப்ரவரி வரை கேட்டார்கள். அமெரிக்கா மணியைப் பார்க்காது, நாளைத்தான் பார்க்கும். வெள்ளிக்கிழமை மதியம் விமானம் என்றால் வியாழக்கிழமை எந்த நேரத்தில் எடுத்திருந்தாலும் செல்லும். “48 மணி நேரம்” என்பதும் “இரண்டு நாள்” என்பதும் பேச்சில் ஒன்று, கவுன்டரில் வேறு. இதைத் தெரியாமல் அவசரப்பட்டு ராத்திரி ஓடி ஓடிச் சோதனை எடுத்தவர்களும் உண்டு, நிதானமாக இருந்து கோட்டை விட்டவர்களும் உண்டு.

நான் கண்டுபிடித்த வழி எளிது. விமானம் கிளம்பும் நேரத்தைக் காகிதத்தின் அடியில் எழுதி, அங்கிருந்து மேலே எண்ணுவது. விமானம் ஞாயிறு 12.15. சனி ராத்திரி 9 மணிக்கு கவுன்டர். 6 மணிக்குக் காரைக்குடியை விட்டுக் கிளம்ப வேண்டும். புதுக்கோட்டை வழியே இரண்டு மணி நேரம், நடுவில் காபிக்கு ஒரு இருபது நிமிடம். அதற்கு முன் முடிவுச் சீட்டு அச்சாகியிருக்க வேண்டும். அதற்கு முன் ஆய்வகத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இருபத்து நாலு மணி நேரம். அதற்கும் முன் மாதிரி நம்மூரிலிருந்து மதுரைக்குப் போய்ச் சேர அரை நாள். இப்படி எண்ணிப் பார்த்தால், சென்னையில் இருப்பவருக்கு 48 மணி நேரம் என்று சொல்லும் விதி செட்டிநாட்டில் இருப்பவருக்கு உண்மையில் ஒன்றரை நாளாகச் சுருங்கிவிடுகிறது. விதி எழுதியவர்கள் யாரும் கண்டனூரையோ கானாடுகாத்தானையோ மனதில் வைத்து எழுதவில்லை. இது எனக்கு அப்போதும் வருத்தம், இப்போதும் வருத்தம்.

செலவும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தமிழக அரசு 2020 ஜூனில் தனியார் ஆய்வகக் கட்டணத்துக்கு 3,000 ரூபாய் உச்சவரம்பு வைத்தது. படிப்படியாக இறங்கி 2021 மே மாதம் 900 ரூபாய்க்கு வந்தது. வீட்டுக்கு வந்து எடுத்தால் கூடுதலாக 300. நாலு பேர் குடும்பத்துக்குப் போக ஒரு தடவை, வர ஒரு தடவை, அங்கே இறங்கியதும் ஒரு தடவை என்று பார்த்தால் டிக்கெட்டில் கணிசமான பங்கு அதற்கே போனது. பன்னாட்டுச் சுகாதார விதிகளின் 40ஆம் பிரிவு, வந்து இறங்கும் பயணிக்கு அந்நாடு செய்யும் மருத்துவப் பரிசோதனைக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. குடியேற வருவோர் மட்டும் அதற்கு விலக்கு. அந்த விதி தாளில் இருந்தது. பணம் நம் பையிலிருந்து போனது.

இப்போது ஆச்சியின் கதைக்கு வருகிறேன்.

சனிக்கிழமை ராத்திரி 9.40 இருக்கும். திருச்சியிலிருந்து மகன் போன் செய்தார். மகனுக்கும் மருமகளுக்கும் போர்டிங் பாஸ் கொடுத்துவிட்டார்கள், ஆச்சியை மட்டும் ஓரமாக நிற்க வைத்திருக்கிறார்கள். சோதனைச் சீட்டில் “ஆர்.எம். வள்ளியம்மை” என்று இருக்கிறது. பாஸ்போர்ட்டில் “வள்ளியம்மை ராமநாதன்”. (இது ஆச்சியின் சொந்தப் பெயர் அல்ல, ஆனால் சிக்கல் அச்சாக இதுவே.) கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு வடக்கே ஊர். ஆர்.எம். என்பது இரண்டு பெயர்களின் முதலெழுத்துகள், ராமநாதன் என்பது குடும்பப் பெயர், ஆகவே இவர் வேறு ஆள் என்று அவர் முடிவு கட்டியதில் தப்புச் சொல்ல முடியாது.

நம் பக்கத்து முன்னெழுத்து ஒற்றை எழுத்தோடு நிற்பதில்லை. ராமநாதன் என்றால் “ராம.”, பழனியப்பன் என்றால் “பழ.”, அருணாசலம் என்றால் “அரு.”. ஆங்கிலத்தில் எழுதும்போது அது ஆர்.எம்., பி.எல்., ஏ.ஆர். என்று இரண்டெழுத்தாகிவிடும். நகரத்தார் வீடுகளில் ஐயா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம் என்பதால் ஒரே பெயர் ஊருக்குள் பத்துப் பேருக்கு இருக்கும். முன்னெழுத்துதான் ஆளைப் பிரித்துக் காட்டும். நமக்கு அவ்வளவு முக்கியமான அந்த எழுத்துகளைப் பாஸ்போர்ட் ஏற்காது. முன்னெழுத்தை விரித்து முழுப் பெயராக எழுதச் சொல்லும். ஆதாரிலோ முன்னெழுத்து அப்படியே நிற்கும். சோதனை எடுக்கும் இடத்தில் ஆதாரைக் காட்டினால் ஆதாரில் உள்ளபடி சீட்டு வரும். கோவின் தளத்தில் தடுப்பூசிச் சான்றும் ஆதாரை வைத்தே வந்தது. ஆக ஒரே ஆள், மூன்று தாளில் மூன்று பெயர்.

அன்று ராத்திரி காப்பாற்றியது ஒரே ஒரு விஷயம். வெள்ளிக்கிழமை மதுரைக்குப் போகும்போது, பாஸ்போர்ட் எண்ணைச் சீட்டில் கட்டாயம் போடச் சொல்லுங்கள் என்று நான் சொல்லி அனுப்பியிருந்தேன். அந்த எண் சீட்டில் இருந்ததால் ஆள் அவர்தான் என்று மேலதிகாரி ஒப்புக்கொண்டார்; ஆனாலும் பெயரைத் திருத்திய சீட்டு வேண்டும் என்றார். ஆய்வகத்தில் ராத்திரி வேலையில் இருந்த தம்பி போனை எடுத்தார், பாஸ்போர்ட் படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கினார், இருபத்தைந்து நிமிடத்தில் புதிய சீட்டை கியூஆர் கோடோடு அனுப்பிவிட்டார். கவுன்டர் மூட இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. ஆச்சி அவ்வளவு நேரமும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தாராம். பெயர் தெரியாத அந்தத் தம்பியை நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

தடுப்பூசிச் சான்றில் உள்ள பெயரைத் திருத்தவும் கோவினில் வழி இருந்தது. ஆனால் பெயர், பிறந்த ஆண்டு, பாலினம் ஆகியவற்றை ஒரு தடவைதான் திருத்த முடியும். பாஸ்போர்ட் எண்ணைச் சேர்க்கும் வசதி 2021 ஜூனில் வந்தது. பயண அவசரத்தில் அந்த ஒரே தடவையைத் தப்பாகப் பயன்படுத்திவிட்டு என்னிடம் வந்தவர்களுக்கு நான் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை.

இன்னொரு வகைச் சிக்கல் குணமானவர்களுக்கு வந்தது. காய்ச்சல் போய் மூன்று வாரம் ஆன ஆளுக்கும் ஆர்டிபிசிஆர் தொற்று இருப்பதாகக் காட்டலாம். செத்த வைரஸின் துணுக்கையும் அந்தச் சோதனை பெருக்கிவிடும். உயிருள்ளதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. அதனால் அமெரிக்கா, 90 நாளுக்குள் தொற்று வந்து குணமானவர் முந்தைய முடிவையும் மருத்துவரின் கடிதத்தையும் காட்டினால் போதும் என்று வைத்திருந்தது. இதைப் போன்ற விலக்குகள் வேறு சில நாடுகளிலும் இருந்தன. தொற்று வந்தபோது வந்த சீட்டைக் கோபத்தில் கிழித்துப் போட்டவர்கள் இந்த விலக்கை இழந்தார்கள்.

சிங்கப்பூர் கதை வேறு. 2021 ஏப்ரல் கடைசியில் இந்தியாவிலிருந்து வருவோருக்குக் கதவைச் சாத்திய நாடு அது. தனிமைப்படுத்தல் இல்லாமல் வரத் திறந்தது 2021 நவம்பர் 29 அன்று, தடுப்பூசி போட்டவர்களுக்கான தனிப் பயணத் தடத்தில். சென்னை, டெல்லி, மும்பையிலிருந்து குறித்த விமானங்களில் வந்தால் மட்டும் தனிமைப்படுத்தல் கிடையாது. திருச்சி அந்தப் பட்டியலில் இல்லை. காலையில் பல்லவன் ரயிலைப் பிடித்துச் சென்னை போய், அங்கே சோதனை எடுத்து, ஓர் இரவு தங்கி, மறுநாள் ஏறினார்கள் நம்மவர்கள். சுற்றுலா வருவோர் 30,000 சிங்கப்பூர் டாலர் மருத்துவக் காப்பீடும் எடுத்திருக்க வேண்டும். 2022 ஏப்ரல் 26 முதல் தடுப்பூசி போட்டவர்களுக்குப் புறப்படுமுன் சோதனை தேவையில்லை என்று சிங்கப்பூர் தளர்த்தியது. மே 1 முதல் மலேசியாவும். ஆச்சி இரண்டு வாரம் பொறுத்திருந்தால் மதுரைக்கும் போக வேண்டாம், இந்த அலைச்சலும் வேண்டாம். யாருக்குத் தெரியும் அப்போது?

இந்தப் பக்கத்துக்குச் சோதனையும் தடுப்பும் புதிதல்ல. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன காலத்திலிருந்தே உண்டு. இலங்கைக்குப் போகும் தொழிலாளர்களை மண்டபம் முகாமில் நாள்கணக்கில் வைத்து, காலரா, பெரியம்மை, பிளேக் இல்லை என்று பார்த்த பிறகே தனுஷ்கோடிக்கு அனுப்பினார்கள். அந்த முகாமை நடத்தியது இலங்கை அரசு. இந்திய மண்ணில் நின்று இலங்கையின் எல்லையைக் காத்தது. திருச்சி கவுன்டருக்கு அது ஒரு முன்மாதிரி என்றே சொல்வேன். பினாங்கு போனவர்களுக்கு ஜெரெஜாக் தீவு, சிங்கப்பூர் போனவர்களுக்குச் செயின்ட் ஜான்ஸ் தீவு. கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்கள் தீவில் இறக்கப்பட்டார்கள். அறை எடுத்துப் போனவர்களுக்கு அந்தக் கட்டாயம் பெரும்பாலும் இல்லை. நோய்க்கு டிக்கெட் வகுப்பு தெரியாது என்பது அன்றைக்கும் தெரிந்ததுதான்.

திரும்பி வருவதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. போகும்போது தொற்று என்று வந்தால் பயணம் ரத்து, பணம் நஷ்டம், வீட்டில் படுத்துக்கொள்ளலாம். வரும்போது தொற்று என்று வந்தால் அந்நிய ஊரில் ஏழு நாளோ பத்து நாளோ ஒரு அறைக்குள் இருக்க வேண்டும். விசா நாள் கரையும், டிக்கெட் மாற்ற வேண்டும், காப்பீடு அந்தச் செலவைத் தருமா என்று பார்க்க வேண்டும். சொந்த நாட்டுக்குத் திரும்பவும் 2021 பிப்ரவரி 22 முதல் எல்லோருக்கும் சோதனைச் சீட்டு கட்டாயமாக இருந்தது. வெளிநாட்டிலிருந்து வருவோருக்காக மத்திய அரசு வைத்திருந்த ஏர் சுவிதா தளத்தில் அதை ஏற்ற வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு. 2022 பிப்ரவரி 14 முதல், பட்டியலில் உள்ள நாடுகளின் தடுப்பூசிச் சான்று இருந்தால் சோதனை வேண்டாம் என்றானது. அந்த ஆண்டு நவம்பர் 22ஆம் தேதி ஏர் சுவிதாவையே எடுத்துவிட்டார்கள்.

எல்லாம் ஓய்ந்தது என்று நினைத்த நேரத்தில்தான் 2022 டிசம்பர் 29 வந்தது. சீனாவில் தொற்று பெருகியதால், சீனா, ஹாங்காங், ஜப்பான், தென்கொரியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஆறு இடங்களிலிருந்து வருவோருக்கு ஜனவரி 1 முதல் மறுபடியும் ஆர்டிபிசிஆர் கட்டாயம் என்று மத்திய அரசு அறிவித்தது. புத்தாண்டுக்குச் சிங்கப்பூர் போயிருந்தவர்கள் அங்கே இருக்கும்போதே விதி மாறிவிட்டது. நடுவில் மூன்று நாள்கூட முழுதாக இல்லை. என் போன் நிற்கவே இல்லை. பிப்ரவரி 13ஆம் தேதி அந்தக் கட்டாயம் நீங்கியது. உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தது அதற்குப் பிறகு, 2023 மே 5 அன்று.

இன்று சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ சோதனைச் சீட்டு வேண்டாம். ஆனால் மணிக்கணக்கு போகவில்லை. சிங்கப்பூர் வருகை அட்டை, மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டை, 2025 மே 1 முதல் தாய்லாந்தின் வருகை அட்டை, மூன்றையும் போய் இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். மூன்றும் இலவசம், காசு கேட்கும் தளம் எதுவானாலும் அரசுத் தளம் அல்ல. சிங்கப்பூர் அட்டையில் உடல்நிலை பற்றிய கேள்விகள் இன்னும் இருக்கின்றன. நாளை வேறொரு நோய் வந்தால், கேட்கப் போகிற தாளும் இந்த வழியில்தான் வரும் என்று நினைக்கிறேன். ஆப்பிரிக்கா சுற்றப் போவோருக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை ஒன்று எப்போதும் உண்டு. போட்டுப் பத்து நாள் ஆன பிறகே அது செல்லும். 2016 ஜூலையிலிருந்து ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும். இல்லாமல் கென்யா போய்த் திரும்பினால் இங்கே ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள்.

ஆச்சி போன தைப்பூசத்துக்கு முன்பு மறுபடியும் கடைக்கு வந்தார். மலேசிய அட்டையை நிரப்ப வேண்டும். ஆதாரை எடுத்து நீட்டப் போனவர், தானே கையை இழுத்துக்கொண்டு பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தார். “இதைப் பாத்துப் போடு தம்பி.” புகைப்படம் உள்ள பக்கத்தின் அடியில், அம்புக்குறி போன்ற அடையாளங்களோடு இரண்டு வரி இருக்கும். கவுன்டரில் இருக்கும் கருவி படிப்பது அந்த வரிகளைத்தான். அதில் முன்னெழுத்து இல்லை. வள்ளியம்மை, ராமநாதன், அவ்வளவுதான். எழுத்துக்கு எழுத்து பார்த்து அடித்தேன், ஆச்சி பக்கத்தில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.